சுண்ணாம்புத் தெளிவும் தண்ணீரும்: புதுச்சேரியில் தீப்புண் முதலுதவியின் தடம்

தீப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன் தேங்காய் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் குழைத்துப் பூசுவது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். இதை நாட்டுப்புற அறியாமை என்று ஒரே வரியில் ஒதுக்குவோர் உண்டு. ஐரோப்பியரிடமிருந்து வந்த இரவல் என்போரும் உண்டு. இரண்டுமே திருத்தப்பட வேண்டியவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இரவல் என்னும் கருத்துக்கு வலுச் சேர்ப்பவர் எட்வர்டு ஜான் வேரிங். திருவிதாங்கூரில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர்; 1868-இல் இந்திய மருந்துத் தொகுப்பைப் பதிப்பித்தவர். மருத்துவர் எட்டாத ஊர்களில் வாழ்வோருக்காகக் கடைத்தெரு மருந்துகளைப் பற்றித் தனி நூலும் எழுதினார். தீப்புண்ணுக்குச் சுண்ணாம்பு நீரை எண்ணெயோடு கலந்து இடச் சொல்கிறார். செய்முறை ஐரோப்பாவினது, சரக்கு மட்டும் இந்தியக் கடையினது என்று அவரைப் படிக்க இடமுண்டு. ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையில் வெந்த தொழிலாளர்க்கு ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்பு நீரும் இட்டதால் அக்கலவை 'கேரன் எண்ணெய்' எனப்பட்டது. வேரிங்கை அப்படியே ஏற்றால் நம் வீட்டுக் கலவை அதன் நகலாகிவிடும்.

இங்கே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி குறுக்கிடுகிறது. பிரெஞ்சு மருந்து நூலிலும் இதே களிம்பு உண்டு. அதில் சேர்வது வாதுமை எண்ணெய். பிரிட்டிஷ் நூலில் ஆலிவ் எண்ணெய், கேரனில் ஆளிவிதை, நம்மிடம் தேங்காய். எண்ணெய் ஊருக்கு ஊர் மாறுகிறது, மாறாதது சுண்ணாம்பு. ஐரோப்பியர் அதை மருந்தகத்தில் வாங்க வேண்டும். இங்கோ அது வெற்றிலைச் செல்லத்திலேயே இருந்தது.

பெயரும் கவனத்துக்குரியது. புதுச்சேரியில் கடற்படை மருந்தாளராக இருந்த ழூல் லெபீன் 1855-இல் வல்லாரையை ஆராய்ந்து, பிரித்தெடுத்த பொருளுக்கு 'வெல்லாரின்' என்று பெயரிட்டார். மருந்து எல்லை கடக்கும்போது பெயர் இப்படித் தடம் விடும். சுண்ணாம்புத் தெளிவிலோ பிரெஞ்சுச் சொல்லும் இல்லை, கேரனும் இல்லை. ஆகவே இது இங்கே தனியாகத் தோன்றியது என்றே கொள்கிறேன். பெயரின்மை மெலிந்த சான்றுதான், மறுக்கவில்லை. வீட்டு வழக்கத்துக்கு ஆண்டு குறிக்கவும் இயலாது. ஆயினும் வேரிங்கின் பக்கத்தில் இருப்பது இதைவிட மெலிந்தது: ஒரு நூலில் ஏறியதால் அந்த நூலிலிருந்தே பிறந்தது என்னும் ஊகம்.

எண்ணெய் வென்ற காலத்தில் மறைந்தது தண்ணீர். 1797-இல் ஆங்கில மருத்துவர் எட்வர்டு கென்டிஷ் தீப்புண்ணுக்கு வெப்பமும் டர்பன்டைனும் வேண்டும் என்றார். 1799-இல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஏர்ல் குளிர்ச்சியே வேண்டும் என்றார். இதே முரண் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையிலும் உண்டு. சூத்திரத்தானத்தின் 12-ஆம் அத்தியாயம், மேலோட்டமாகக் காய்ந்த 'ப்லுஷ்ட'த்துக்கு வெப்பம் சொல்கிறது. தண்ணீர் இரத்தத்தை உறைய வைக்கும் என்று காரணமும் காட்டுகிறது. இவ்விடத்தோடு நிறுத்திவிட்டு, நம் மரபு தண்ணீரைத் தடுத்தது என்பது பிழை. அடுத்தே, கொப்புளம் எழும் 'துர்தக்த'த்துக்குச் சொல்லும் 'சேகம்', அதாவது மேலே ஊற்றுதல், குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும் என்கிறது.

தண்ணீரை நவீன மருத்துவத்துக்கு மீட்டுத் தந்தவர்களில் ஐஸ்லாந்தின் ஓஃபெய்க்சன் முதன்மையானவர். அவரது கட்டுரை 1965-இல் வந்தது. நெருப்பு அணைந்த பிறகும் தோலுக்கடியில் வெப்பம் தங்கிப் புண்ணை ஆழமாக்குகிறது. ஓடும் நீர் அதை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் அதைச் செய்யாது.

ஆகவே எண்ணெய் பூசிய பாட்டியை அறியாதவர் எனச் சொல்வது நியாயமல்ல. இரண்டு பேரரசுகளின் மருந்து நூல்களும் ஒரு காலத்தில் அதையே ஏற்றிருந்தன. பின்னர் மருத்துவமே அதைக் கைவிட்டது. 1823-இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இவ்வூரில்தான் இருக்கிறது. அதன் வாசலை எட்டும் முன் செய்ய வேண்டியது இது: வளையல், மோதிரத்தைக் கழற்றி, வெந்த இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள்.