யார் கொடுத்த சான்று?
பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் தலைக்கட்டு முதல் துறைமுக வாசல் வரை

மனிதவளத் துறையில் வேலை தேடும் இளைஞர்கள் இன்று முதலில் விசாரிப்பது, எந்தச் சான்றிதழ் வாங்கினால் சம்பளம் கூடும் என்பதைத்தான். நியாயமான விசாரணை. ஆனால் ஒரு சான்றிதழுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை சட்டென்று அகப்படாது. தேர்வு கடினமாக இருப்பதாலா, நடத்தும் அமைப்பின் பெயராலா, சட்டம் கேட்பதாலா, அல்லது அதை மதிக்க நாலு பேர் ஒப்புக்கொள்வதாலா?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைச் சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் வைத்துப் பார்க்கிறது. ஒரு வேலைக்கு யார் தகுதியானவர், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதற்கு மூன்று முறைகள் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஊர் கொடுத்த தலைக்கட்டு முதலாவது. அரசு கொடுத்த அட்டை அடுத்தது. கம்பெனி கேட்கும் சான்றிதழ் கடைசியாக வந்தது.

தலைக்கட்டும் பாடும்

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியும் அங்கே கடலோடு சேரும் முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ளன. ஆரணி ஆறு தெற்கே வந்து கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஏரியோடு ஒட்டிச் செல்கிறது. ஏற்றவற்றத்தோடு முகத்துவாரம் வழியாக இறால் போய்வரும். ஆகவே அதையொட்டிய இடங்களில் வலை கட்டியவருக்குக் காசு; தள்ளிக் கட்டியவருக்குக் கூலிகூடத் தேறாது. நல்ல இடங்கள் கொஞ்சம், கட்ட நினைப்பவர்கள் அதிகம். தினமும் அடிதடியில் முடிந்திருக்க வேண்டிய இந்த நிலைமையை அடக்கி வைத்ததுதான் பாடு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் இந்தப் பாட்டு முறைக்கு உரியவர்கள். கழி நட்டு வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொண்டு, முறை வைத்து மாறிமாறித் தொழில் செய்வது இதன் சாரம். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும். யாருக்கும் நிரந்தரச் சொத்து இல்லை. யாரும் நிரந்தரமாக ஏமாறவும் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக செபாஸ்டியன் மேத்யூ 1991இல் எழுதிய ஆய்வு இம்முறையை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சாரா கூல்தார்டு 2008இல் வெளியிட்ட கட்டுரை, ஏரியின் வளம் மாறும்போது பாட்டுக்காரர்களும் பாடு இல்லாதவர்களும் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. மீன்வள மேலாண்மை படிப்பவர்களுக்கு இவையெல்லாம் பழகிய செய்திகள். இதே பாட்டை ஒரு பணியாளர் நிர்வாக அமைப்பாகப் படிக்க இடமிருக்கிறது என்பதே இங்கே என் வாதம்.

குலுக்கலில் பெயர் சேர ஒருவர் தலைக்கட்டாக வேண்டும். கல்யாணம் ஆன ஆண், தனிக் குடும்பமாக ஊருக்கு வரி கட்டுபவர், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர் என்பது அதன் பொருள். பெயரைச் சேர்க்கவும் தள்ளிவைக்கவும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் உண்டு. இன்றைய அலுவலகப் பேச்சில் சொன்னால், தகுதி வரையறை, பதிவேடு, பணிச் சுழற்சி, ஒழுங்கு நடவடிக்கை, தகராறு தீர்ப்பு ஆகிய ஐந்தும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவையும் நடத்தியவர்களிடம் பட்டயம் ஏதும் இருந்ததில்லை. ஊர் ஒப்புக்கொண்டது, அதனால் நடந்தது.

இதைப் பழங்காலப் பொற்காலமாக்கிப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தலைக்கட்டு என்பது பிறப்பால் வரும் சான்று. பட்டினவர் அல்லாத மீனவர்களுக்கும், பிற்காலத்தில் ஏரியில் தொழிலுக்கு இறங்கிய தலித் மக்களுக்கும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் குலுக்கலில் இடம் இல்லை. எந்தச் சமூகமானாலும் பெண்ணுக்கு இல்லவே இல்லை. ஒருவர் எவ்வளவு திறமையாக வலை கட்டுவார் என்று பாடு ஒருபோதும் சோதித்ததில்லை. யார் மகன் என்று மட்டுமே கேட்டது. ஏரியில் நடந்த மோதல்கள் பலவற்றுக்கும் இந்த வேலிதான் வேர். ஆள் சேர்ப்பின் இன்னும் கொடிய முகமும் இவ்வூருக்குப் பழக்கம். 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனி, அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியிருக்கிறது.

மேஸ்திரியிடமிருந்து அதிகாரிக்கு

பழவேற்காட்டில் ஊரே ஆள் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், அறுபது கிலோமீட்டர் தள்ளிச் சென்னை ஆலைகளில் ஆள் பிரித்தவர் மேஸ்திரி. வேலை வாங்கித் தருவார், கமிஷன் வாங்குவார், நீக்கவும் செய்வார். அவருடைய தகுதி அவருக்குத் தெரிந்த ஆட்களின் எண்ணிக்கை. 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோரின் முன்னெடுப்பில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது எழுந்த குமுறல்களில் மேலாளர்களும் மேஸ்திரிகளும் ஆட்களை நடத்திய விதமும் சேரும். 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம், தன் 1931 அறிக்கையில், ஆளெடுக்கும் அதிகாரத்தை இடைத்தரகரிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. இந்தியாவில் மனிதவளத் தொழில் உருவான கதைக்கு முதல் வரியாக இந்தப் பரிந்துரையையே நான் வைப்பேன். இங்கிலாந்தில் அது வேறு வழியில் வந்தது. 1913இல் யார்க் நகரில் ரவுண்ட்ரீ ஆலையைச் சார்ந்து கூடிய நலப் பணியாளர்கள் தாங்களே சங்கம் அமைத்தார்கள். அதன் வாரிசுக்கு 2000இல் அரச சாசனம் கிடைத்தது. அமெரிக்காவில் 1970களின் நடுவில் பணியாளர் நிர்வாகிகளின் சங்கமே தேர்வு வைத்துச் சான்றளிக்கத் தொடங்கியது.

இந்தியாவில் வேலைக்கு உருவம் கொடுத்தது சட்டம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அவருடைய கடமை, தகுதி, பணி நிபந்தனைகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி போன்ற நிறுவனங்களின் பட்டத்துக்கு ஆலை வாசலில் கிராக்கி வந்தது இப்படித்தான். இன்ன படிப்பு இருந்தால்தான் இன்ன நாற்காலி என்று அரசிதழ் சொல்லிவிட்டால், படிப்புக்கு விலை தானாக ஏறும். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழியை நல அலுவலர் அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் மாநில விதிகளில் இடம்பெற்றது. அதிகம் பேசப்படாத விதி. என் கணிப்பில், எல்லாப் பட்டயங்களையும்விடத் தொழிலாளிக்கு உதவியது அதுவாகத்தான் இருக்கும்.

கொல்கத்தாவிலும் பம்பாயிலும் தனித்தனியே இயங்கிய இரண்டு அமைப்புகள் 1980இல் இணைந்து தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம் ஆயின. பிறகு தாராளமயம் வந்தது, மென்பொருள் கம்பெனிகள் வந்தன, அமெரிக்கச் சான்றிதழ்கள் வந்தன. ஆலைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த படிப்பு, சந்தையின் வெயிலுக்கு வந்தது. இன்று ஒரு ஹெச்.ஆர். ஊழியர் வாங்கும் பன்னாட்டுச் சான்றிதழ் எதையும் சட்டம் கேட்பதில்லை, கேட்பது முதலாளி. அதனால் அதன் மதிப்பும் முதலாளிக்கு முதலாளி மாறும். 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நல அலுவலருக்கான வரம்பை 250 பேராகக் குறைத்திருப்பது, படிப்பை மீண்டும் சட்டத்தின் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.

அட்டைகளின் காலம்

மீனவருக்கு அரசு கொடுத்த சான்றுகள் வேறு வரிசையில் வந்தன. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, 1983 கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் படகுப் பதிவு, 2007 சட்டத்தால் அமைந்த மீனவர் நல வாரியத்தின் அட்டை, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரம் முழுக்க வழங்கிய பயோமெட்ரிக் அட்டை. ஒரு வீட்டு அலமாரியில் இத்தனையும் இருக்கும். இவற்றில் ஒன்றாவது அவருக்கு என்ன தெரியும் என்று சொல்கிறதா? சொல்வதில்லை. அவர் யார், எந்த ஊர், எந்த நிவாரணத்துக்கு உரியவர், கடற்படை நிறுத்தினால் எப்படி அடையாளம் காண்பது என்பதோடு அட்டையின் வேலை முடிந்துவிடும். முகத்துவாரம் எப்போது தூர்ந்து எப்போது திறக்கும், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்ற அறிவு அட்டையில் ஏறவில்லை.

அறிவைச் சான்றாக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. 1963இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடி, கடல்சார், பொறியியல் பயிற்சி நிறுவனத்துக்கு 1968 முதல் சென்னையில் கிளை உண்டு. கலம் செலுத்துநர், கடல் எந்திரப் பொருத்துநர் பயிற்சிகள் அங்கே நடக்கின்றன. தொடர்ந்து கடலனுபவம் பெற்றுத் தேர்வெழுதினால் மீன்பிடிக் கப்பலின் ஸ்கிப்பராகவும் எஞ்சின் டிரைவராகவும் தகுதிச் சான்று வாங்கலாம். இது மெய்யான சான்று. கப்பலில் ஆளெடுக்கச் சட்டமே இதைக் கேட்கிறது. 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2015இல் வந்த பிரதமரின் திறன் திட்டத்தில், பள்ளிக்குப் போகாமல் கற்றதையும் மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகாரம் சேர்ந்தது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் அந்தச் சான்றைக் காட்டினால் இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று யாரும் கட்டுப்படவில்லை. கேட்க ஆளில்லாத சான்று, கல்யாணப் பத்திரிகையைப் போல விழா முடிந்ததும் பரணுக்குப் போகும்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி வந்தது இதைவிட உறுதியான நகர்வு. 2012இல் நிறுவப்பட்ட தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. நல வாரியத்தில் பதிந்த மீனவர்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அடையாள அட்டை ஒன்று தொழிற்தகுதிக்குப் படியாக மாறும் அரிய இடம் இது.

துறைமுக வாசலில்

ஏரிக்குத் தெற்கே கரை மாறிவிட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்துக்காகக் குப்பம் இடம்பெயர்ந்தது. பக்கத்திலேயே துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. அதை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அதற்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021இலும் 2023இலும் தேதி குறித்துத் தள்ளிவைக்கப்பட்டது.

விரிவாக்க வாதம் தனி. இக்கட்டுரைக்கு முக்கியம், ஏற்கெனவே உள்ளே வேலை செய்கிறவர்களின் நிலை. நிலமும் கரையும் போனதற்கு ஈடாக வேலை என்ற பேச்சு இருந்தது. கிடைத்தது பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. நிரந்தரமாக்கச் சொல்லிக் கிராமத்தார் படகுகளோடும் வாசலிலும் போராடியிருக்கிறார்கள்.

மேலே பிரித்துப் பார்த்த இழைகள் இங்கே ஒன்றாகச் சிக்குகின்றன. துறைமுக அலுவலகத்தில் ஆள்வள மேலாளராக உட்கார முதுகலைப் பட்டம் வேண்டும். பன்னாட்டுச் சான்றும் இருந்தால் சிறப்பு. கிரேன் ஓட்ட, வெல்டிங் அடிக்க ஐ.டி.ஐ. சான்று வேண்டும். இந்த இருவருக்கும் நடுவே நின்று, குப்பத்து இளைஞனை வேலைக்கு எடுத்து, சம்பளம் பட்டுவாடா செய்து, நாளை வராதே என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் ஒப்பந்ததாரர். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அவரிடம் உரிமம் கேட்டது, காப்புத்தொகை கேட்டது, முதன்மை முதலாளியின் சான்றைக் கேட்டது. ஆட்களை நிர்வகிக்க அவருக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. 1931இல் விட்லி ஆணையம் எந்த மேஸ்திரியை வெளியேற்றச் சொன்னதோ, அவரே உரிமக் காகிதத்தோடு திரும்பி வந்து வாசலில் நிற்கிறார்.

மனிதவளச் சான்றிதழ் ஊழியரின் சம்பளத்தை உயர்த்துகிறதா என்று அளந்து பார்ப்பவர்கள் இந்த நடு இடத்தைக் கவனிப்பதில்லை. சான்றிதழ் பெற்றவர் குளிர்சாதன அறையில் கொள்கை எழுதுகிறார். ஆளெடுப்பு நடப்பது வாசலில். தலைக்கட்டு முறையில் குறைகள் ஆயிரம் இருந்தாலும் ஒரு பொறுப்பு இருந்தது: குலுக்கல் போட்டவர் அதே ஊரில், அதே கரையில் மறுநாள் முகம் காட்ட வேண்டும். ஒப்பந்ததாரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சான்றை வழங்குபவரால் அதற்குப் பெயர் வருகிறது. மதித்தே தீர வேண்டியவர் ஒருவர் இருந்தால்தான் மதிப்பு வருகிறது. பாடு முறையில் ஊரும், நல அலுவலர் விஷயத்தில் சட்டமும், ஸ்கிப்பர் சான்றில் கப்பல் விதியும் அந்த இடத்தில் நின்றன. ஒப்பந்த வேலையில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்புவது பெரிய காரியமல்ல. துறைமுகங்கள் ஒப்பந்தம் விடும்போது, ஆட்களை நேரடியாக மேற்பார்க்கும் தகுதி பெற்ற ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அந்த ஒருவர் பழவேற்காட்டுப் பேச்சு தெரிந்தவராக இருக்கட்டும். சமூகப்பணியோ மனிதவளமோ படிக்க விரும்பும் மீனவ வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மீனவர் நல வாரியம் முழுக் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். பட்டினவர், இருளர், தலித் என்ற பேதம் அதில் கூடாது. அப்படிப் படித்து வருபவர்களைக் காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் உள்ள நிறுவனங்கள் முதலில் எடுக்க வேண்டும்.