'தி பேர்': கத்தினால்தான் கிச்சன் ஓடுமா? ரசிகர்களை இரண்டாகப் பிரித்த சீரிஸ்!

'தி பேர்' பத்தி ஃப்ரெண்ட்ஸ் கேங்கில் பேச்செடுத்துப் பாருங்கள். "செம சீரிஸ்" என்று ஒருத்தர் கொண்டாடுவார். "ரெண்டு எபிசோடுக்கு மேல முடியலப்பா" என்று இன்னொருத்தர் கையெடுத்துக் கும்பிடுவார். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு.

கதை என்ன?

கார்மி, நியூயார்க்கில் பெயர் வாங்கிய இளம் செஃப். அண்ணன் மைக்கேல் தற்கொலை செய்துகொள்ள, அவர் விட்டுப்போன சாண்ட்விச் கடையை நடத்த சிகாகோ திரும்புகிறார். கழுத்தை நெரிக்கும் கடன், 'நேத்து வந்தவன் நீ எங்களுக்குச் சொல்றியா' என்று முறைக்கும் பழைய ஊழியர்கள்... 2022-ல் கிறிஸ்டோபர் ஸ்டோரர் உருவாக்கிய இந்த சீரிஸ், இதை வைத்துத்தான் நகர்கிறது.

'பார்த்தாலே பி.பி ஏறுது!'

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். முதல் சீசனின் 7-வது எபிசோடு சுமார் 20 நிமிடம்தான். ஆனால், அதில் பெரும்பகுதி ஒரே ஷாட். ஆன்லைன் ஆர்டர் கட்டுக்கடங்காமல் குவிய, கார்மி வெடிக்க, மொத்த கிச்சனும் சிதறும். ஹோட்டல் வேலை பார்த்தவர்களில் பலர், 'அப்படியே எங்க கிச்சன்' என்றார்கள். பின்னால் போகும்போது 'பிஹைண்ட்', திரும்பும்போது 'கார்னர்' என்று குரல் கொடுப்பது சும்மா ஸ்டைலுக்கு இல்லை. கத்தியும் கொதிக்கும் பாத்திரமும் கையில் இருக்கும்போது யாரும் மோதிக்கொள்ளக் கூடாதே!

இது காமெடியா?

எம்மி விருதுகளில் காமெடி பிரிவில்தான் போட்டியிட்டது. 2024 ஜனவரி விழாவில் சிறந்த காமெடி சீரிஸ் விருதையும் வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் 11 விருதுகள். ஒரே ஆண்டில் ஒரு காமெடி சீரிஸ் வாங்கியதில் அன்றைக்கு அதுதான் சாதனை. ஆனால், சிறந்த காமெடி விருது 'ஹேக்ஸ்' சீரிஸுக்குப் போனது. 'அழ வைக்கிற சீரிஸுக்கு எதுக்கு காமெடி விருது?' என்ற கேள்வி இன்னும் ஓயலை.

3-வது சீசன் இழுவையா?

2024-ல் வந்த 3-வது சீசன் கதையை நகர்த்தாமல் 'தொடரும்' போட்டு முடிந்ததில் பலருக்குக் கடுப்பு. டீனா வேலை தேடி அலையும் 'நாப்கின்ஸ்' எபிசோடைக் கொண்டாடியவர்களும் உண்டு. சிட்னியாக நடிக்கும் அயோ எடிபிரி இயக்கிய எபிசோடு அது.

உண்மையான சண்டை எதில்?

'இவ்வளவு திறமை இருக்கு, கொஞ்சம் கத்தினா என்ன?' என்று கார்மிக்கு சப்போர்ட் செய்கிறது ஒரு தரப்பு. 'திறமை இருந்தா யாரை வேணும்னாலும் அசிங்கப்படுத்தலாமா?' என்று கேட்கிறது இன்னொரு தரப்பு. உங்கள் ஆபீஸ் மேனேஜரை நினைத்துப் பார்த்தால், இது சிகாகோ பிரச்னை மட்டும் இல்லை என்பது புரியும்.

சீரிஸ் இதற்கு ரெண்டு பக்கமும் காட்டுகிறது. நியூயார்க்கில் கார்மியை வதைத்த செஃப், கத்தக்கூட மாட்டார். காதருகே வந்து மெதுவாக அவமானப்படுத்துவார். 'என்னாலதானே நீ பெரிய செஃப் ஆன' என்று பின்னாளில் நியாயமும் பேசுவார்.

இதற்கு நேரெதிர், 2-வது சீசனின் 'ஃபோர்க்ஸ்' எபிசோடு. யாரோடும் ஒத்துப்போகாத ரிச்சி, ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டில் பயிற்சிக்குப் போகிறார். அங்கே முதல் வேலை, ஃபோர்க் துடைப்பது. அவர்கள் கறார்தான். ஆனால், ஏன் அப்படிச் செய்யணும் என்று சொல்லித்தருகிறார்கள், மரியாதை கொடுக்கிறார்கள். அந்த ஒரே வாரத்தில் ரிச்சி வேறு ஆளாகிறார். மிரட்டாமலும் ஒழுங்கான வேலை வாங்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

நீங்கள் பார்க்கலாமா?

தற்கொலை, குடி அடிமைத்தனம், பதற்றத்தில் மூச்சு முட்டுவது எல்லாம் கதையில் வரும். மனசு சரியில்லாத நாளில் வேண்டாம். மற்ற நாளில் தினமும் ஒரு எபிசோடு போதும், ராத்திரி தூங்கப்போகும் நேரத்தைத் தவிர்க்கலாம். முதல் சீசன் ஒத்துவரவில்லையா? 'ஃபோர்க்ஸ்' வரைக்கும் ஒரு சான்ஸ் கொடுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால், தாராளமாக வேறு சீரிஸுக்குப் போய்விடலாம்!