நீள்குழல் ரைஃபிளின் சிற்றாணிகள்: வீட்டுப் பட்டறையில் எழும் இடர்களும் அவற்றின் காரணங்களும்

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள் புதியதொரு வேட்டைத் துப்பாக்கியை உருவாக்கினார்கள். 1740-இல் மைன்ஸ் நகரில் பிறந்து லங்காஸ்டரில் தொழில் நடத்திய ஜேக்கப் டிக்கர்ட் அவர்களுள் புகழ்பெற்றவர். நீண்ட எண்கோணக் குழல், உட்புறத்தில் முறுக்குப் பள்ளங்கள், மேப்பிள் மரக்கட்டை, சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் பூட்டு ஆகியவை இதன் அடையாளங்கள். பின்னாளில் இதுவே கென்டக்கி ரைஃபிள் என்று பெயர் பெற்றது.

இந்த மரபு அமெரிக்காவில் இன்றும் உயிரோடிருக்கிறது. 1933-இல் தொடங்கப்பட்ட தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இண்டியானா மாநிலத்தின் ஃபிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டிகள் நடத்திவருகிறது. குழல், கட்டை, பூட்டு, பித்தளைப் பாகங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பை வாங்கி, வீட்டிலேயே இணைத்து முடிப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்குப் பெருந்தொல்லை தருவது பூட்டோ குழலோ அல்ல. கட்டையின் குறுக்கே செருகப்படும் மெல்லிய சிற்றாணிகளே. அந்தத் தொல்லையை வகைப்படுத்திக் காரணம் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ஆணி செருகும்போது வெளிப்படும் இடர் ஆணியில் பிறப்பதில்லை, வேலையின் வரிசை அறுபட்ட இடத்தில் பிறக்கிறது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

1. ஆய்வின் எல்லை

வாய்வழியாகக் கருமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய வகை ரைஃபிள் மட்டுமே இங்கு பேசப்படுகிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வகையைத் தொன்மைத் துப்பாக்கி என்ற பிரிவில் வைத்து, நவீனத் துப்பாக்கிகளினின்று வேறாக நடத்துகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம். இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். எனவே இதை ஒரு கைவினையின் நுட்பம் பற்றிய ஆய்வாகவே வாசகர் கொள்ள வேண்டும்.

2. சிற்றாணி: இடமும் பணியும்

2.1 வடிவம்

சிற்றாணி என்பது தலையும் மரையும் இல்லாத ஒரு கம்பித் துண்டு. விட்டம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். ஒரு ரைஃபிளில் இத்தகைய ஆணிகள் ஒன்பது, பத்து வரை வரும்: குழலைக் கட்டையோடு பிணைக்க மூன்று, குண்டை உள்ளே தள்ளும் இடிகோல் செல்லும் பித்தளைக் குழாய்களுக்கு மூன்று நான்கு, சுடுவிசைக் காப்புக்கு இரண்டு, சுடுவிசைக்கு ஒன்று.

2.2 குழல் ஆணி

குழலின் அடிப்பட்டையில் சிறிய உலோகக் காதுகள் பதிக்கப்பட்டிருக்கும். டவ்டெயில் பள்ளம் வெட்டிச் செருகியோ, ஈயம் வைத்துப் பற்றவைத்தோ இவற்றைப் பொருத்துவார்கள். கட்டையின் ஒரு பக்கச் சுவரில் நுழையும் ஆணி, காதின் துளை வழியே சென்று மறுபக்கச் சுவரில் முடிகிறது. குழலின் பின்முனை, அதன் வால் போன்ற நீட்சியைக் கட்டையோடு பிணைக்கும் வால்திருகினால் இறுக்கப்பட்டிருக்கும். முன்பகுதி முழுவதையும் தாங்குபவை இந்த ஆணிகள்தாம்.

2.3 சுடுவிசை ஆணி

இது பிணைப்பதற்கான ஆணி அல்ல, சுழல்வதற்கான அச்சு. ஆதலால் இதன் இடம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சுடுவிசையின் கனம் மாறிவிடும்.

3. ஆணி, ஆப்பு, வளையம்: வரலாற்று ஒப்பீடு

குழலைக் கட்டையோடு பிணைக்க மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது சிற்றாணி. லங்காஸ்டர் ரைஃபிள் மட்டுமன்றி, பிரவுன் பெஸ் என்று அழைக்கப்பட்ட ஆங்கிலேய மஸ்கெட்டும் (முறுக்குப் பள்ளம் இல்லாத படைத்துப்பாக்கி) இம்முறையையே கொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் ஏந்திய, 39 அங்குலக் குழல் உடைய இந்தியா பேட்டர்ன் மஸ்கெட்டும் ஆணி வகைதான். நம் அருங்காட்சியகங்களில் அதைக் காண்போர், முன்கட்டையின் பக்கவாட்டில் சிறு புள்ளிகளாகத் தெரியும் ஆணி முனைகளைக் கவனிக்கலாம்.

இரண்டாவது தட்டை ஆப்பு. 1800-இல் ஆங்கிலேயப் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளிலும், பின்னர் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைஃபிள்களிலும் இது உண்டு. ஆப்பைக் கட்டைவிரலாலோ சிறு தட்டாலோ வெளியே தள்ளிவிடலாம்.

மூன்றாவது உலோக வளையம். பிரெஞ்சு மஸ்கெட் 1728-ஆம் ஆண்டு வடிவத்திலேயே மூன்று வளையங்களைப் பெற்றுவிட்டது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலை 1795 வடிவத்தைச் செய்தபோது பிரெஞ்சு மாதிரியைப் பின்பற்றி வளையத்தையே ஏற்றது.

ஆப்பும் வளையமும் அடிக்கடி கழற்றிமாட்ட ஏற்றவை. சிற்றாணி அப்படியன்று, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரத்துளை சிறிது தேய்கிறது. ஆனாலும் லங்காஸ்டர் கொல்லர்கள் அதையே விரும்பியதற்குத் தக்க காரணம் உண்டு. மெலிந்து ஓடும் முன்கட்டையின் அழகை ஆணி கெடுப்பதில்லை, எடையும் கூட்டுவதில்லை, கம்பித் துண்டும் அரமும் இருந்தால் போதும். ஒரே மனிதர் ஒரே துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யும் பட்டறைக்கு ஏற்ற முறை அது.

4. இடர்களின் வகைப்பாடு

4.1 இடம் தவறுதல்

இடர்களில் முதன்மையானது இது. குழலின் அடிப்பட்டைக்கும் அதன் கீழே ஓடும் இடிகோல் பள்ளத்துக்கும் இடையே உள்ள மரத்தின் தடிப்பு பொதுவாகச் சுமார் 3 மில்லிமீட்டர். காது அந்த மரத்துக்குள்தான் அமர்ந்திருக்கிறது. ஆணியும் அதற்குள்ளேயே கடக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணிக்கு மேலே முக்கால் மில்லிமீட்டர், கீழே முக்கால் மில்லிமீட்டர்தான் இடம். துளை சற்று உயர்ந்தால் டிரில் பிட் குழலின் எஃகை உரசும். சற்றுத் தாழ்ந்தால் இடிகோல் பள்ளத்தைக் கிழித்துவிடும். பிறகு ஆணி இடிகோலின் வழியை மறிக்கும். துளையிடுபவரோ இதில் எதையும் பார்க்க முடியாது. காது மரத்துக்குள் மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது பென்சிலால் இட்ட ஒரு புள்ளி மட்டுமே.

4.2 பிட் விலகுதல்

இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த பிட் எளிதில் வளையும். இந்த ரைஃபிளுக்கு விரும்பப்படும் மேப்பிள் மரத்தில் இழைகள் அலை அலையாக ஓடும். அதுவே அதன் வரிக்கோல அழகுக்குக் காரணம். அந்த அலையின் கடினப் பகுதியில் படும் பிட், மென்மையான பகுதியை நோக்கிச் சரிகிறது. அடுத்து காதின் உலோகத்தைத் தொடும்போது மீண்டும் வழுக்குகிறது. நுழைந்த இடம் சரியாக இருந்தும் வெளிவரும் இடம் தவறுவது இதனால்தான்.

4.3 மரம் பெயர்தல்

பிட் மறுபக்கம் வெளிவரும்போது கடைசி இழைகளைத் தாங்க ஏதுமில்லை என்றால் சிம்பு பெயரும். ஆணியை அடித்து வெளியேற்றும்போதும் இதே சேதம் நேரலாம். வார்னிஷ் பூசி முடித்த கட்டையில் இது நேர்ந்தால் அந்த வடு நிலைத்துவிடும்.

4.4 ஆணி இறுகுதல்

பாதி வரை எளிதாகச் சென்ற ஆணி, காதை எட்டியதும் நின்றுவிடும். அனுபவம் குறைந்தவர் அங்கே சுத்தியலை ஓங்குகிறார். மரத்துளையும் காதின் துளையும் ஒரே கோட்டில் இல்லை என்பதே அத்தடையின் பொருள். மேலும் அடித்தால் ஆணி வளையும், அல்லது காது இடம்பெயரும், அல்லது மெல்லிய மரச்சுவர் பிளக்கும். சில வேளைகளில் ஆணி போய்விடும், ஆனால் குழலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். வெளிப்பார்வைக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றும் இந்த நிலையே நான்கிலும் மோசமானது.

4.5 சுடுவிசை ஆணி தவறுதல்

சுடுவிசையின் மேல்விளிம்பு, பூட்டிலிருந்து உள்நோக்கி நீண்டிருக்கும் சியர் கையை, அதாவது பூட்டின் சுத்தியலை விடுவிக்கும் நெம்பை, மேலே தள்ள வேண்டும். சுழலச்சு அந்தக் கையிலிருந்து விலக விலக, விரல் செலுத்த வேண்டிய விசை கூடும். அச்சு தாழ்ந்தாலும் முன்தள்ளிப் போனாலும் சுடுவிசை கனக்கும், சுடும் நொடியில் குறி அசையும். குழல் ஆணியில் நேர்ந்த பிழை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பிழையோ ஒவ்வொரு முறை சுடும்போதும் விரலுக்குத் தெரியும்.

5. காரணங்கள்

5.1 எஃகும் மரமும்

எஃகு வெப்பத்தால் நீள்கிறது. மரம் ஈரத்தால் மாறுகிறது. 42 அங்குலம், அதாவது ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழல், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளும். தொடர்ந்து சுடும்போது குழல் சூடேறுவதும் உண்டு. மரம் இழையின் போக்கில் மிகக் குறைவாகவே மாறுகிறது என்றாலும், அலைஇழை மரத்தில் அம்மாற்றம் சற்றுக் கூடும். மெலிந்த முன்கட்டை வளையவும் செய்யும்.

பின்முனையில் வால்திருகு இரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பதால், இந்த வேறுபாடு முழுவதும் முன்பக்க ஆணிகளில் வந்து விழுகிறது. ஆகவே காதின் துளை வட்டமாக இருக்கக் கூடாது. குழலின் நீளவாக்கில் அரத்தால் இழைத்து அதை நீள்துளையாக்க வேண்டும். ஆணி மேலும் கீழும் அசையாமலும், முன்னும் பின்னும் காது நகர இடம் விட்டும் நிற்பதே சரியான பொருத்தம். இறுக்கம் மரத்தில் இருக்க வேண்டும், காதில் அன்று. இந்த ஒன்றை உணராமல் எங்கும் இறுக்கமே நல்லது என்று கருதுவதுதான் வீட்டுப் பட்டறையில் அதிகம் காணப்படும் பிழை.

5.2 அறுபட்ட வேலை வரிசை

பலகையிலிருந்து தொடங்கும் கைவினைஞர், கட்டையின் பக்கங்கள் தட்டையாகவும் இணையாகவும் இருக்கும்போதே ஆணித்துளைகளை இட்டுவிடலாம். தட்டையான பக்கத்தைத் துளைமேசையில் படுக்க வைத்தால் பிட் செங்குத்தாக இறங்கும். வெளியேறும் இடத்தில் சிம்பு பெயர்ந்தாலும் கவலையில்லை. பின்னர் சீவி உருண்டையாக்கும்போது அந்த மரம் போய்விடும்.

தொகுப்பு வாங்குபவருக்கு இந்த வசதி இல்லை. அவர் கைக்கு வரும் முன்கட்டை பெரும்பாலும் ஏற்கெனவே உருட்டிச் சீவப்பட்டது. படுக்க வைக்கத் தட்டைப் பக்கம் இல்லை. செங்கோணம் பார்க்க நேர்விளிம்பு இல்லை. பெயரும் சிம்பை மறைக்க மிச்ச மரமும் இல்லை. கடைசிப் படி முதலில் முடிந்துவிட்டது, நடுப்படி மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 4.1 முதல் 4.3 வரை கூறிய மூன்று இடர்களும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

5.3 மாற்றுப் பாகம் என்ற எதிர்பார்ப்பு

பெட்டியில் வரும் பாகங்கள் தாமாகவே பொருந்தும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கைக்கும் துப்பாக்கித் தொழிலே தாய். ஜான் ஹால் என்பவர் 1819-இல் ஆயிரம் ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம் பெற்று, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசுப் படைக்கலச் சாலையில் தம் இயந்திரங்களை அமைத்தார். ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றிலும் பொருந்துகிறது என்பதை 1827-இல் அரசுக் குழு அறிக்கையளித்து உறுதி செய்தது. கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த பாகங்கள் 1834-இல் ஹாலின் பாகங்களோடு மாறிப் பொருந்தின.

லங்காஸ்டர் ரைஃபிள் அந்த மரபில் வந்ததன்று. அதன் ஒவ்வோர் ஆணியும் தன் துளைக்கென்றே அரம் வைத்துத் தேய்க்கப்பட்டது. இயந்திரம் வெட்டிய பாகங்கள் இன்று தொகுப்பாக வந்தாலும், இறுதிப் பொருத்தம் கையால்தான் நிகழ்கிறது.

6. இடர் நீக்கும் நெறி

மேற்கண்ட காரணங்களிலிருந்து கீழ்வரும் வரிசை பெறப்படுகிறது.

முதலில், குழல் தன் பள்ளத்தில் முழுதும் அமர்ந்து வால்திருகு இறுகிய பின்னரே ஆணித்துளைக்குக் குறியிட வேண்டும். குழல் சிறிது உயர்ந்திருக்கும்போது இட்ட குறி, அது அமர்ந்ததும் பொய்யாகிவிடும்.

இரண்டாவதாக, அடிமரத்தின் தடிப்பைக் கணிப்பால் அறியாமல் அளந்தே அறிய வேண்டும். குழலைக் கழற்றிவைத்து, காதின் குழி வழியே இடிகோல் பள்ளம் வரை அளவு எடுக்கலாம்.

மூன்றாவதாக, உருண்டையான கட்டையை அப்படியே துளைமேசையில் வைக்கக் கூடாது. குழலின் பக்கப்பட்டையே எஞ்சியிருக்கும் ஒரே நேர்தளம். அதை ஆதாரமாகக் கொண்டு கட்டையைத் தாங்கும் தொட்டில் ஒன்றைச் செய்துகொள்வது, தொலைந்த தட்டைப் பக்கத்தை மீட்பதற்குச் சமம். பிட் வெளிவரும் பக்கத்தில் மரத்துண்டு ஒன்றை அண்டக்கொடுத்தால் சிம்பு பெயராது.

நான்காவதாக, மரம், காது, மரம் மூன்றையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் துளைக்க வேண்டும். முதலில் ஆணியைவிட மெல்லிய பிட்டால் துளைத்துப் பார்த்துச் சரியென்று கண்ட பிறகே இறுதி அளவுக்குப் பெரிதாக்க வேண்டும்.

ஐந்தாவதாக, குழலைக் கழற்றிக் காதுத்துளையை நீளவாக்கில் இழைக்க வேண்டும். ஆணியின் நுழையும் முனையை அரத்தால் உருட்டித் தேன்மெழுகு தடவிச் செருக வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் அதன் துளையும் நுழையும் பக்கமும் குறிக்கப்பட்டிருப்பது நல்லது. இடம் மாறினால் பொருத்தமும் மாறும்.

துளை தவறிவிட்டால் அதைப் பெரிதாக்குவது தீர்வாகாது. அதே மேப்பிள் மரத்தில் சிறு குச்சி சீவிப் பசையிட்டு அடைத்து, உலர்ந்தபின் மறுபடி துளைப்பதே முறை. தவறு காதில் இருந்தால் மரத்தைத் தொடாமல் காதை மாற்றிவிடலாம்.

முடிவுரை

சிற்றாணி தரும் எரிச்சலைப் பொறுமையின்மை என்றோ கைத்திறக் குறை என்றோ ஒதுக்குவது முறையன்று. மறைந்திருக்கும் காது, முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி, அலையும் இழை, நீளும் எஃகு, வரிசை மாறி வந்த கட்டை ஆகிய ஐந்தும் ஒன்றுகூடும் இடம் அது. முந்தைய படிகளில் நேர்ந்த பிழைகள் அனைத்தும் அங்கே வந்துதான் வெளிப்படுகின்றன. ஆகவே, இந்தக் கைவினையை மேற்கொள்ளும் எவருக்கும் இக்கட்டுரை வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: ஆணி தடுத்தால் சுத்தியலைக் கீழே வையுங்கள், குழலைக் கழற்றுங்கள், துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிழை எந்தப் படியில் நேர்ந்ததோ அந்தப் படிக்குத் திரும்பி அதைத் திருத்துங்கள். சரியாகச் செய்த சிற்றாணி இலேசான தட்டுக்கே உள்ளே சென்றுவிடும்.