வி. எஸ். ராமச்சந்திரன்

வி. எஸ். ராமச்சந்திரன் (பிறப்பு: 1951) தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் ஆய்வாளர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். கை கால் இழந்தவர்கள் அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே உணரும் ‘மாய உறுப்பு’ நிலையைப் பற்றிய ஆய்வால் உலகறியப்பட்டார்.

தந்தை ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணியாற்றிய பொறியாளர் என்பதால் பள்ளிப் படிப்பு சென்னையிலும் பாங்காக்கிலும் அமைந்தது. அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவருடைய பாட்டனார்.

ராமச்சந்திரனின் மாய உறுப்பு ஆய்வு ஸ்டான்லியில் தொடங்கியதல்ல. மாணவராக அவர் ஆராய்ந்தது பார்வையை. இரு கண்களுக்கும் வெவ்வேறு நிற வடிகட்டிகளை வைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும். அப்போதும் ஆழ உணர்வு குலைவதில்லை என்று காட்டிய அவரது கட்டுரை 1972-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. எளிய பொருள், கூர்மையான கேள்வி என்ற அவருடைய வழிமுறை அப்போதே உருவாகிவிட்டது.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, 1983-இல் சான் டியாகோ சென்றார். கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் விரலிலும் தொடுகை தெரிந்தது. மூளைப் புறணியில் முகத்துக்கும் கைக்குமான பகுதிகள் அடுத்தடுத்து உள்ளன. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும் முகப் பகுதி அந்த இடத்துக்குள் பரவுகிறது என்று அவர் விளக்கினார். வளர்ந்தவரின் மூளை மாறாதது என்ற பழைய எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் இது முக்கியமானது.

மாயக் கை இறுக மூடியபடி வலிப்பதாகச் சிலர் சொன்னார்கள். மேல்மூடி இல்லாத பெட்டியில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, நல்ல கையை அதன் முன் வைக்கச் செய்தார். பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரிக்கும்போது மாயக் கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள், இறுக்கம் தளர்ந்தது. வலியால் துடிப்பவருக்கு இவ்வளவு மலிவான ஒரு வழியைக் கண்டதே அவருடைய ஆகப் பெரிய கொடை. இன்று பக்கவாதத்தில் செயலிழந்த கைக்கான பிசியோதெரபியிலும் கண்ணாடி பயன்படுகிறது. ஆனால் மாய உறுப்பு வலி எல்லோருக்கும் இதனால் குறைவதில்லை. இழந்த கைக்கான மூளைப் பகுதி பெரிதும் அப்படியே நீடிக்கிறது என்று 2013-இல் ஆய்வாளர் தமர் மாக்கின் குழு காட்டியதால், ராமச்சந்திரனின் விளக்கமும் விவாதத்தில் உள்ளது. பிறர் ஒன்றைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் ‘கண்ணாடி நியூரான்’ என்ற நரம்பணுக்களின் குறைபாடே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற அவரது கருதுகோளுக்குப் பின்வந்த ஆய்வுகள் போதிய வலுச் சேர்க்கவில்லை.

ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள தொடர்பையும் அவர் ஆராய்ந்தார்; எட்வர்ட் ஹப்பர்டுடன் 2001-இல் எழுதிய கட்டுரையில் தமிழ் பேசுவோரும் இடம்பெற்றார்கள். வளைவான உருவம், கூர்முனை உருவம் இரண்டில் ‘பூபா’ எது, ‘கிகி’ எது என்று கேட்டபோது, அமெரிக்க மாணவர்களைப் போலவே அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கூர்முனையைக் ‘கிகி’ என்றார்கள்.

சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதிய ‘ஃபாண்டம்ஸ் இன் த பிரெயின்’ 1998-இல் வெளிவந்தது. 2003-இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றினார். 2007-இல் பத்ம பூஷண் பெற்றார்.