பள்ளிக்கூடம் யாருக்குப் பதில் சொல்லணும்?

ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் சேரிப் பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறல, டிசி வாங்கிட்டுப் போங்க" என்று சொல்வதை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டணும். தோற்பான் என்று நினைக்கிற பிள்ளையை முன்னமே கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

இந்தக் கணக்குக்கு வயசு அதிகம். 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம். பிள்ளைகள் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள். பள்ளி ஆய்வாளராயிருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டே இதை எதிர்த்தார். ஆனாலும் அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

இந்த அளவுகோலைச் சேரியில் வைத்துப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆண்டை கூப்பிட்டால் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை போயே ஆகணும். பரீட்சையில் அவன் தேறாவிட்டால் ஆண்டைக்கு என்ன நஷ்டம்? சேரிக்குள் பள்ளி நடத்தியவருக்கும் பிள்ளைக்கும்தான் நஷ்டம். 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷனே, பின்தங்கிய இடங்களுக்கு விதிவிலக்கு தரலாம் என்று ஒப்புக்கொண்டது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். 1893இல் பஞ்சமர் கல்விக்கென அரசாணை 68 வந்தது. 1894இல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தேர்ச்சிக்குக் காசு என்ற முறையைக் கைவிட்டதாகக் கர்சன் அரசு 1904இல் அறிவித்தது.

முறை போச்சு, புத்தி போகல. இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் நம் பிள்ளைகளுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பேர். கையில் ஒரு சின்னக் கையேடு. முப்பத்தைந்து மார்க் வாங்கப் போதுமான கேள்விகள் அதில் இருக்கும். அதை ஒப்பித்துத் தேறுகிறவன் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தின் முன் வாயடைத்து நிற்கிறான். அரியர் சேர்கிறது. மெதுவாக வேலைக்குப் போய்விடுகிறான். தேர்ச்சிப் பட்டியலில் மட்டும் அவன் வெற்றி பெற்றவன்.

பள்ளி பதில் சொல்ல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்கும் கணக்கு வேறு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள்? எத்தனை பேர் பட்டத்தோடு வந்தார்கள்? டிசி கொடுத்து அனுப்பியது எத்தனை பேரை? வாத்தியார் இல்லாத வகுப்புகள் எத்தனை? இதற்கு அரசும் சேர்ந்து பதில் சொல்லட்டும். மேலதிகாரிகள் கூட்டத்தில் சொன்னால் போதாது. சேரிக்கு வந்து, பெற்றவர்கள் முன்னால் சொல்லட்டும்.