நாலு மில்லிகிராம்

எளாவூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடிதான். சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்கு முன்னால் வருகிற ஊர். கஞ்சா பிடிபட்டது, கணக்கில் வராத பணம் பிடிபட்டது என்று செய்தித்தாளில் அவ்வப்போது ஊர் பெயர் அடிபடும். லாரி ஓட்டுநரின் சட்டைப்பையில் கிடக்கும் அரிப்பு மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. இரவு முழுக்க வண்டி ஓட்டப்போகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

முழுப்பெயர் குளோர்பெனிரமைன் மாலியேட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சி.பி.எம். மருந்துக்கடையில் ‘அலர்ஜி மாத்திரை’. அதில் மருந்தின் எடை நாலு மில்லிகிராம். சுற்றியிருக்கும் மாவெல்லாம் விரலில் பிடிப்பதற்காகச் சேர்த்தது.

இதன் பூர்வீகம் ஐரோப்பா. 1910இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்பில் என்னென்ன செய்கிறது என்று எழுதிவைத்தார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, மூச்சுக்குழாயை இறுக்குகிறது. அதைத் தடுக்கும் முதல் பொருளை 1937இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் போவேயும் ஆன்மரி ஸ்டௌபும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு அது நஞ்சு. ஆனாலும் வழி திறந்துவிட்டது. போவேக்கு 1957இல் நோபல் பரிசு. 1940களில் அமெரிக்காவின் ஷெரிங் நிறுவனம் பெனிரமைனைச் செய்தது. நம் ஊரில் அதற்கு அவில் என்று பெயர். பிறகு அந்த மூலக்கூறில் ஒரே ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தார்கள், வீரியம் பல மடங்கு ஏறியது. அவில் மாத்திரை 25 மில்லிகிராம், சி.பி.எம். வெறும் 4 என்பதன் காரணம் அந்த ஒற்றை அணு.

அரசு மருத்துவமனைக்கு இந்த மாத்திரை வந்து சேரும் பாதை, மருந்து உலகில் தமிழ்நாடு நிஜமாகவே பெருமைப்படக்கூடிய ஒன்று. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் விநியோகத்துக்குப் போகாது, தனியே வைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய சரக்கு என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் கிடங்குக் கதவு திறக்கும். சுகாதார நிலையம் தன் பாஸ்புக்கைக் காட்டி, அதில் இருக்கும் ஒதுக்கீட்டுக்குள் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பாதை கடைவழி. “அண்ணே, உடம்பெல்லாம் தடிச்சிருக்கு, ரெண்டு மாத்திர குடுங்க.” கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுப்பார். மருந்துச் சட்டத்தின் ‘ஜி’ அட்டவணையில் வரும் மருந்து இது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கை வாசகம் மேலுறையில் இருந்தாக வேண்டும். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது. வெட்டும்போது அந்த வாசகம் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது. வாங்கியவர் கையில் மிஞ்சுவது பளபளக்கும் காகிதமும் இரண்டு குமிழும்.

வயிற்றுக்குள் போனபிறகு நடப்பதுதான் முக்கியம். ஹிஸ்டமின் தோலில் அரிப்பை உண்டாக்குகிறது. அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருக்கிறது. சி.பி.எம். இரண்டு இடத்திலும் புகுந்து தடுக்கிறது. “நல்லாத் தூக்கம் வந்துச்சு, மருந்து வேலை செய்யுது” என்று சொல்வதில் பாதிதான் உண்மை. பெரியவர் உடம்பில் மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். ராத்திரி போட்டுக்கொண்டு விடியலில் படகேறுகிறவருக்குத் தூக்கம் தெளிந்தது போலிருக்கும், கை மட்டும் ஒரு நொடி பிந்தும். கூடவே மது என்றால் கேட்கவே வேண்டாம். புராஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண் அழுத்த நோய் இருப்பவருக்கும் ஆகாது. பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து ஒளிந்திருப்பதால், அரிப்புக்கு ஒன்று சளிக்கு ஒன்று என்று போடுகிறவர் தெரியாமலே இரட்டிப்பாக விழுங்குகிறார். இதற்கு மாற்றான செட்டிரிசினில் தூக்கம் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பெக்ஸோபெனடின் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. வண்டி, படகு ஓட்டுகிறவர்கள் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

எளாவூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் எல்லா அரிப்பும் ஒவ்வாமை இல்லை. பழவேற்காடு ஏரியில் இருளர்கள் வலை இல்லாமல், சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறி வாயில் கடித்தபடி இருக்கும். மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறினால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் தொடையிடுக்கில் பூஞ்சைப் படையும் வரத்தான் செய்யும். மாத்திரை நமைச்சலை அமுக்கும், படை அதுபாட்டுக்குப் பரவும்.

மீனிலும் ஒரு வேடிக்கை உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, கவலை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டுவைத்தால், கிருமிகள் மீன் சதையில் இருக்கும் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துவிடும். “எனக்கு மீன் ஒத்துக்காது” என்று ஆயுசுக்கும் மீனை விட்டவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம். குற்றவாளி மீனில்லை, ஐஸ் போடாத பெட்டி. ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் கூடாது என்கிறது சர்வதேச உணவுத் தரம். இறால் கதை வேறு: அதிலிருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதத்தை உடம்பே பகையாக எடுத்துக்கொள்கிறது. சமைத்தாலும் அது அடங்காது. அப்படிப்பட்டவர் இறாலை விட்டே ஆக வேண்டும். “மாத்திரை போட்டுக்கிட்டு ஒரு கை சாப்பிடலாம்” என்பது விளையாட்டில்லை.

குழந்தைகளுக்கு இந்த மருந்து சிரப்பாக வருகிறது. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் இறந்தபோது சிக்கிய கோல்ட்ரிப் சிரப்பிலும் இந்தச் சேர்மானம் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது அது. உயிரைக் குடித்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் நஞ்சு; தமிழ்நாடு அரசின் சோதனையில் 48.6 சதவீதம் இருந்தது. குழந்தை தூங்கட்டும் என்று ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கும் அம்மாக்களுக்கு இரண்டு செய்தியும் போய்ச் சேர்ந்ததா என்பது என் சந்தேகம்.

கடைசியாக, இந்த மாத்திரையால் ஆகவே ஆகாத காரியம். இறாலோ குளவிக் கொட்டோ ஊசி மருந்தோ, எதனால் என்றாலும் சரி: உதடும் நாக்கும் வீங்கி, குரல் கரகரத்து, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் நேரம் நிமிடக்கணக்கில்தான். மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறும் வரை காத்திருக்க முடியாது. ஏறினாலும் அது விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அப்போது வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. 108ஐக் கூப்பிட்டுவிட்டு ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறல்தான் பெரிதென்றால் சாய்த்து உட்கார வைக்கலாம். என்ன சாப்பிட்டார், எப்போது, வழியில் எந்த மாத்திரை போட்டார் என்பதை வண்டியில் வருகிறவரிடம் சொல்ல வேண்டும். அட்டைத் துண்டு இருந்தால் அதையும் கையில் கொடுக்கலாம், வெட்டியதில் மருந்தின் பெயர் தப்பியிருந்தால்.