கடுக்காயும் கறுப்புத் தண்ணியும்

போன ஜனவரி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு பழைய செங்கல் வீடு, வாடகைக்கு. வெளியே மைனஸ் நாலு டிகிரி. உள்ளே நான், தங்கமணி, எட்டு மாசப் பையன். ராத்திரி பதினோரு மணிக்குப் பையன் அழ ஆரம்பிச்சான். எழுந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் சில்லுனு இருக்கு. நைனார்பாளையத்தில் பொறந்து, மார்கழிப் பனிக்கே துண்டை காதுல சுத்திக்கிற பயலுக்கு இதைவிட வேற என்ன சோதனை வேணும் சொல்லுங்க.

சென்ட்ரல் ஹீட்டிங்னா என்னன்னு பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. சமையலறையில ஒரு பாய்லர் இருக்கும். அது தண்ணியைச் சூடாக்கி, வீடு முழுக்க ஓடுற குழாய் வழியா ஒவ்வொரு ரூமிலும் இருக்கிற இரும்பு ரேடியேட்டருக்கு அனுப்பும். ஆறின தண்ணி திரும்ப பாய்லருக்கே வரும். முக்கியமான விஷயம், அதே தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கும். வெளியே போறதும் இல்லை, புதுசா வர்றதும் இல்லை.

அப்படித்தான் இருக்கணும். ஆனா எங்க வீட்ல அக்டோபர்லேர்ந்தே ரேடியேட்டரோட மேல்பாகம் சூடாகாம இருந்துச்சு. இணையத்துல தேடினேன். 'உள்ளே காற்று அடைச்சிருக்கு, மேல இருக்கிற திருகைத் திறந்து வெளியேத்து'ன்னு போட்டிருந்தது. செஞ்சேன், சூடாச்சு. ஆனா அழுத்தம் குறைஞ்சு போகும். உடனே குழாயைத் திறந்து புதுத் தண்ணி விடுவேன். அடுத்த வாரம் திரும்பவும் காற்று, திரும்பவும் புதுத் தண்ணி. மூணு மாசம் இதையே பண்ணிட்டு, 'நானும் பிளம்பர் ஆயிட்டேன்'னு தங்கமணிகிட்ட பீத்திக்கிட்டு வேற இருந்தேன்.

மறுநாள் வந்த பிளம்பர் அறுபதைத் தாண்டின பெரியவர். ரேடியேட்டரைக் கழட்டி ஒரு வாளியில கவிழ்த்தார். உள்ளேர்ந்து வந்தது தண்ணி இல்லை, மை. கெட்டியா, கன்னங்கரேல்னு. ஒரு காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தார், மயிர்க்கால் மாதிரி கறுப்பா சிலுப்பிக்கிட்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. "நீ வெளியேத்தினது காற்றுன்னா நினைச்சே?"ன்னு கேட்டுட்டு, இன்னொரு ரேடியேட்டரோட திருகை லேசாத் திறந்து லைட்டரைக் காட்டினார். பட்டுனு ஒரு வெளிர்நீலச் சுடர். ஹைட்ரஜன்! (வீட்ல முயற்சி பண்ணாதீங்க சாமிகளா.)

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் ஆக்சிஜனும் வேணும். மூடின குழாய்க்குள்ள அடைபட்ட தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் சீக்கிரமே செலவாகித் தீர்ந்துடும். அதுக்கப்புறம் துரு செம்மண் நிறத்துல வராது, மேக்னடைட் என்கிற கறுப்புத் தூளா மாறும். அந்த மாற்றத்துல வெளிவர்றதுதான் ஹைட்ரஜன். குழாய் தாமிரம், ரேடியேட்டர் இரும்பு. ரெண்டு உலோகம் ஒரே தண்ணியில இருந்தா அது ஒரு பேட்டரி மாதிரி, அரிப்பு இன்னும் வேகம். ஆனாலும் ஆக்சிஜன் வராத வரைக்கும் எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். நான் என்ன பண்ணேன்? வாரா வாரம் புதுத் தண்ணியோட புது ஆக்சிஜனை ஊட்டி விட்டிருக்கேன். பிழையைச் சரிசெய்றேன்னு நினைச்சு, பிழை இருக்கிற நிரலையே லூப்ல ஓட விட்ட கதை.

சுத்தமாக் கழுவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து ஊத்தினார். இன்ஹிபிட்டர், நம்ம தமிழ்ல அரிப்புத் தடுப்பான். நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு லிட்டர். அவ்வளவுதான் மருந்து.

அன்னிக்கு ராத்திரி பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பெரிப்பா, பாய்லர் தண்ணியில என்ன கலப்பீங்க?"

"பாஸ்பேட்டு, சோடா, அப்புறம் ஆக்சிஜனைத் தின்ன ஒரு மருந்து. ஏண்டா, கம்ப்யூட்டர் வேலைன்னுதானே போன? பாய்லர்ல போட்டுட்டானுங்களா?"

கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம், "கறுப்புத் தண்ணின்னதும் உங்க தாத்தா மை காச்சினதுதான் ஞாபகம் வருது"ன்னார்.

இங்கதான் கொசுவர்த்திச் சுருள். எங்க ஊர்லேர்ந்து மேற்கே பார்த்தா கல்வராயன் மலை. மலையிலேர்ந்து கடுக்காய் மூட்டை மூட்டையா அடிவாரத்துக்கு இறங்கும். தாத்தா அதை இடிச்சு ஊறவெச்சு, அன்னபேதி உப்பைப் போட்டுக் காய்ச்சுவாராம். அன்னபேதிங்கிறது இரும்பு உப்பு. தண்ணி சட்டுனு கறுத்து எழுதுற மையா ஆயிடும். இதே வேதியியல் எல்லார் வீட்டு சமையலறையிலும் இருக்கு. ஆயா வாழைப்பூ ஆய்ஞ்சா கையும் அருவாமனையும் கறுத்துப் போகுமே, அதுதான். காயில இருக்கிற டேனின் என்கிற துவர்ப்புப் பொருள் இரும்போட சேர்ந்து கறுப்பா ஒரு படலமா ஒட்டிக்குது.

அந்தப் படலம்தான் இந்தப் பதிவோட கதாநாயகன். துருவைத் தடுக்கிறதுன்னா பெரும்பாலும் தண்ணிக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிய படலத்தை உருவாக்குறதுதான். எதை வெச்சு அந்தப் படலத்தைப் போடுறதுங்கிறதுதான் இருநூறு வருஷச் சரித்திரம். அதுல ஒரு வில்லனும் உண்டு.

விஞ்ஞான முறையில முதல்ல இறங்கினவர் ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களோட அடிப்பாகத்துல தாமிரத் தகடு போர்த்தியிருப்பாங்க. உப்புத் தண்ணியில அது அரிச்சுப் போச்சு. 1824ல டேவி சொன்ன வழி, தாமிரத்தோட துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைச் சேர்த்துக் கட்டிடு, அது தன்னையே தின்னக் கொடுத்துத் தாமிரத்தைக் காப்பாத்தும். உண்மையிலேயே வேலை செஞ்சுது. ஆனா தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சதாலதான் அதோட விஷத்துல பாசியும் சிப்பியும் அண்டாம இருந்துச்சு. கரையறது நின்னதும் கப்பல் அடியில காடு மாதிரி வளர்ந்து, கப்பல் வேகம் குறைஞ்சு போச்சு. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அரிப்பை நிறுத்தினாங்க, வேற ஒண்ணு கிளம்பிச்சு. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்து நீராவிக் காலம். பாய்லருக்குள்ள உப்பு படியாம இருக்க உருளைக்கிழங்கைக்கூடப் போட்டிருக்காங்க. மரப்பட்டைச் சாறு, அதாவது டேனின், ரொம்ப காலம் ஓடிச்சு. 1940களில் பிரெஞ்சு ரயில்வே பொறியாளர் லூயி அர்மான் இதை ஒரு முழு முறையாவே ஆக்கினார். சோடாவும் டேனினும் சேர்த்து, தண்ணியை அடிக்கடி சோதிச்சு, அளவாக் கலக்கிற முறை. ரயில் எஞ்சின் பாய்லர்களோட ஆயுள் கூடிச்சு, பிரிட்டன்லயும் எடுத்துக்கிட்டாங்க. எங்க தாத்தாவோட மைக்கும் அந்த எஞ்சின் தண்ணிக்கும் அடிப்படை ஒண்ணுதான்.

இப்ப வில்லன். 1905 வாக்கில் அமெரிக்க விவசாயத் துறையில அலர்டன் குஷ்மன்னு ஒருத்தர், விவசாயிகளோட வேலிக் கம்பி ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குதுன்னு ஆராய்ஞ்சார். அந்த வழியில போய் அவர் கவனிச்சது, தண்ணியில கொஞ்சம் குரோமேட் உப்பு இருந்தா இரும்பு துருவே பிடிக்கிறதில்லைங்கிறது. குரோமேட் அவ்வளவு பிரமாதமான மருந்து. மலிவு, கொஞ்சம் போட்டாப் போதும். இருபதாம் நூற்றாண்டு முழுக்க குளிரூட்டும் கோபுரம், எஞ்சின், பெயின்ட்னு எல்லா இடத்துலயும் புகுந்துடுச்சு.

விலை என்னன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சின்ன ஊர். அங்கே பசிபிக் காஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தோட எரிவாயுக் குழாய் நிலையத்துல, குளிரூட்டும் தண்ணியில துருப் பிடிக்காம இருக்க 1952 முதல் 1966 வரைக்கும் இந்த ஆறிணைதிற குரோமியத்தைத்தான் கலந்தாங்க. கழிவுத் தண்ணியை அடியில தடுப்பு எதுவும் இல்லாத குட்டைகள்ல விட்டாங்க. அது நிலத்தடி நீர்ல இறங்கிச்சு. 1996ல 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தாங்க. 2000ல ஜூலியா ராபர்ட்ஸ் நடிச்ச 'எரின் பிரோக்கோவிச்' படம் அந்தக் கதைதான். கல்லூரி விடுதியில நான் ரெண்டு தடவை பார்த்த படம். அது ஒரு அரிப்புத் தடுப்பானைப் பத்தின படம்னு அப்ப மண்டையில ஏறவே இல்லை!

நம்ம ஊர்ல? எங்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் ராணிப்பேட்டைக்காரன். அவன் வீட்டுக்குப் போயிருந்தப்ப, பக்கத்துல ஒரு கிணத்துல எட்டிப் பார்த்தேன். தண்ணி மஞ்சளா இருந்துச்சு, எலுமிச்சைச் சாறு மாதிரி. "குரோமியம்டா, குடிக்கிறதில்ல"ன்னு சாதாரணமாச் சொன்னான். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன கழிவு ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல. அங்கே செஞ்ச ரசாயனம் முக்கியமாப் போனது தோல் பதனிடுறதுக்கு.

இதுலதான் எனக்கு ஒரு விஷயம் பொறி தட்டிச்சு. தோல் தொழிலும் முதல்ல எதை வெச்சு நடந்துச்சு? ஆவாரம் பட்டையும் கடுக்காயும். அதே டேனின். வேகமும் மலிவும் வேணும்னு குரோமியத்துக்கு மாறினாங்க. ஐரோப்பாவில் தண்ணி மருந்தும், ஆற்காட்டில் தோல் மருந்தும், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே பாதையில நடந்திருக்காங்க. துவர்ப்பை விட்டுட்டு மஞ்சளைப் பிடிச்சாங்க. வேலை வேகமா நடந்துச்சு, கணக்கு கிணத்துக்குப் போச்சு. டேவியோட கப்பல் கதையேதான், இந்தத் தடவை பாதிக்கப்பட்டது மனுஷங்க.

குளிரூட்டும் கோபுரங்கள் பலதுல குரோமியம் கலக்கிறதை அமெரிக்கா 1990ல தடை செஞ்சது. அதுக்கு மாற்றா வந்த பெயர்கள் நைட்ரைட், மாலிப்டேட், பாஸ்பேட், தாமிரத்துக்குன்னு தனியா பென்ஸோடிரையசோல். இதுல பாஸ்பேட் நமக்குப் புதுசே இல்லை. டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷமா நிக்குதே, அதோட இரும்பில பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம். இன்னிக்குச் செய்யற எஃகில இருக்கிறதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தப் பாஸ்பரஸ்தான் மேல ஒரு பாஸ்பேட் படலமா மாறித் தூணைக் காக்குதுன்னு 2000 வாக்கில் விளக்கினவர் கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். கொல்லர்கள் திட்டம் போட்டுச் செய்யலை, சுண்ணாம்புக்கல் சேர்க்காம உருக்கினதால பாஸ்பரஸ் உள்ளேயே தங்கிடுச்சு.

திட்டம் போட்டுச் செஞ்சதும் நம்மகிட்ட உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல காரைக்குடியில திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கட்டடக் கம்பி துருப்பிடிக்காம இருக்க அவங்க உருவாக்கின முறை இது. துருவைக் கழுவி, பாஸ்பேட் பூசி, தடுப்பான் கலந்த சிமென்ட் பாலைப் பூசி, மேல மூடுறது. 1979ல இந்தியத் தர நிர்ணயம் 9077ஆ இப்படி ஒரு முறை வந்துச்சு. ரேடியேட்டர் இல்லாத ஊர்ல, கடற்கரைக் கட்டடம்தானே நமக்கு ரேடியேட்டர்.

இதையெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு பயம் வந்துச்சு. எங்க வீட்டுக் குழாய்ல ஊத்தின பாட்டில்ல என்ன இருக்கு? குப்பையிலேர்ந்து பாட்டிலைத் தேடி எடுத்து, பொடி எழுத்தை ஒரு வரி விடாமப் படிச்சேன். குரோமியம் இல்லை. மாலிப்டேட் இருந்துச்சு. நிம்மதியாப் படுத்தேன். பிரிட்டனோட பிஎஸ் 7593 விதி 2019ல திருத்தப்பட்டிருக்கு. குழாய்ல ஒரு வடிகட்டி வைக்கணும், தடுப்பான் அளவை வருஷா வருஷம் சோதிக்கணும்னு சொல்லுது. வீட்டுக்காரர்கிட்ட அதைச் சொன்னேன். வடிகட்டி மாட்டிக் கொடுத்தார். இந்தக் குளிர்காலத்துல இதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் திருகைத் தொடலை.

பெரியப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அப்ப கடுக்காயை விட்டதுதான் தப்புங்கிறியா?"ன்னார்.

அப்படி இல்லை. கடுக்காயை இடிச்சு பாய்லர்ல போட்டா அதோட புளிப்பே இரும்பைத் தின்னுடும். அர்மான் சோடாவும் சேர்த்து, அளந்து அளந்து கலந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். பழசெல்லாம் நல்லது, புதுசெல்லாம் கெட்டதுன்னு சொல்ல வரலை. மருந்து வேலை செய்யுதான்னு மட்டும் கேட்டாங்க, வேலை முடிஞ்ச தண்ணி எங்கே போகுதுன்னு கேட்க மறந்துட்டாங்க. அந்த ஒரு கேள்வியைத் தள்ளிப் போட்டதோட விலையைத்தான் என் நண்பன் வீட்டுப் பக்கத்துக் கிணறு இன்னும் கட்டிக்கிட்டு இருக்கு.

"சரிடா, புள்ளைக்கு இப்ப குளுரலையே?"

குளுரலை பெரிப்பா.

டிஸ்கி: உங்க வீட்ல யாராவது கடுக்காய் மை காய்ச்சியிருந்தா, அளவு என்னன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தாத்தாவோட அளவு தாத்தாவோடவே போயிடுச்சு.